சிரிக்கச் சொன்னார்கள்

செயின்ட்-மிஷேலில் யோகேந்திரன் வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தவள் செலாம். எரித்திரியாக்காரி. மார்ச் மாதக் குளிரில் தன் நாட்டு அரசுக்கு எதிராக நடந்த ஒரு கூட்டத்தில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினாள். "எங்கள் நாட்டில் தேர்தல் இல்லை. பத்திரிகை இல்லை. என் தம்பி யோனாஸைப் பள்ளிக்கூடத்திலிருந்தே படைக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் விடவில்லை." யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் அஸ்மராவிலிருந்து அம்மா அழைத்தாள். யோனாஸை முகாமிலிருந்து சிறைக்கு மாற்றிவிட்டார்களாம். அம்மாவுக்குப் பக்கத்தில் அரசாங்க ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் ஃபோனை வாங்கி மரியாதையாகவே பேசினான். கூட்டத்தில் பேசியதெல்லாம் பொய் என்று அவளே வீடியோவில் சொல்லவேண்டும். சிரித்த முகமாகச் சொல்லவேண்டும். சொன்னால் தம்பியை விட்டுவிடுவார்கள்.

செலாம் மேலே வந்து, யோகேந்திரனின் மனைவி ஜெகதீஸ்வரியிடம் ஃபோனை நீட்டினாள். இருவருக்கும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை. பேச்சு அங்கே பழகிய பிரெஞ்சில். 'அக்கா' மட்டும் தமிழ்.

"அக்கா, வீடியோவை நீங்கள் எடுத்துத் தாருங்கள்."

யோகேந்திரனுக்கு விஷயம் புரிந்தது. மனைவியிடம் தமிழில் சொன்னார்: "எடுக்காதையும். எங்கட ஊரில வாக்குமூலம் எழுதி வாங்கிப்போட்டும் ஆக்களை விடாதவங்களை நான் கண்டனான். உவங்களும் விடமாட்டாங்கள்."

"உங்கட தம்பி உள்ளுக்கு இருந்தா இப்பிடிக் கதைப்பியளோ?"

அவர் எழுந்து போய்விட்டார்.

முதல் வீடியோவைத் திருப்பி அனுப்பினார்கள். கண் சிவந்திருக்கிறதாம். ஜெகதீஸ்வரி அவளுக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டுவிட்டாள். "சிரி செலாம். இன்னும் கொஞ்சம். பல்லுத் தெரிய." செலாம் சிரித்தாள். "என் தம்பி நாட்டுக்கு விருப்பத்தோடு சேவை செய்கிறான். காசுக்காக நான் பொய் சொன்னேன்."

அதுவும் இணையத்தில் பரவியது. பக்கத்து வில்லரேயில் ஒரு பேக்கரியில் அவளுடைய நாட்டுப் பெண்ணொருத்தி அவள் முகத்தில் துப்பினாள். செலாம் துடைத்துக்கொண்டு பாணை வாங்கி வந்தாள்.

ஏப்ரலில் ஒரு நாள், செலாமும் ஜெகதீஸ்வரியும் சமையலறையில் இருந்தபோது யோனாஸ் அழைத்தான். செலாம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு ஃபோனை மேசையில் வைத்தாள்.

"விட்டுவிட்டார்களா?" ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"விட்டார்கள். பழைய முகாமுக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் சிறையில் இருந்த எல்லாரையும் உட்காரவைத்து என் வீடியோவைப் போட்டுக் காட்டினார்களாம்." ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "'நீ உண்மையைச் சொன்னதற்குத்தானே என்று அடியைத் தாங்கினேன், அதை நீயே பொய் என்றுவிட்டாய், இனி எனக்கு அழைக்காதே' என்கிறான்."

ஜெகதீஸ்வரி அவள் தோளில் கை வைத்தாள். செலாம் அதை மெல்ல விலக்கினாள்.

"அம்மாவிடம் அந்த ஆள் மறுபடி வந்திருக்கிறான். மே மாதம் சுதந்திர தினம். வெள்ளை உடுப்புப் போட்டு நாட்டைப் புகழ்ந்து பாடி வீடியோ அனுப்பவேண்டுமாம்."

அன்று பின்னேரம் கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். யோகேந்திரன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.