பெரிய தூம்பா

கடகடவென்று இரும்புச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டதும் கீழத் தெரு நாய்கள் மொத்தமாகக் குரைக்க ஆரம்பித்தன. பந்தலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

எல்சி ஃப்ரீசர் பெட்டியின் வயரை ஜெனரேட்டரில் மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா கோட்டும் டையுமாகப் படுத்திருந்தார். கோட்டு அண்ணன் ஜோஸ்வாவின் ஏற்பாடு. அவன் அமெரிக்காவிலிருந்து விடிகாலையில்தான் வந்து இறங்கியிருந்தான்.

"என்னடி சத்தம்?" என்றாள் அத்தை பாத்திமா மேரி, பெட்டியின் கால்மாட்டிலிருந்து எழாமலே.

எல்சி தெருமுனையை எட்டிப் பார்த்தாள்.

"தூம்பா வருது அத்தே. பெரிய தூம்பா."

கோயிலின் சவ வண்டி. கறுப்புப் பெயிண்ட், நாலு மூலையிலும் கடைந்த தூண்கள், மேலே கூரை, உச்சியில் பித்தளைச் சிலுவை. மேலத் தெரு ஆட்கள் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வெள்ளை வேட்டியில் நாட்டாமை தைரியநாதன் நடந்து வந்தார். அந்த வண்டி கீழத் தெருவுக்குள் நுழைவது இதுதான் முதல் தடவை.

ஊரில் தூம்பா இரண்டு. பெரியது கோயிலுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் நிற்கும். மேலத் தெருவில் யார் செத்தாலும் அதில் போவார்கள். கீழத் தெருவுக்கு இருப்பது, இரண்டு மூங்கில் கழியில் ஆணியடித்த ஒரு பலகை. மாட்டுக் கொட்டகை ஓரமாகச் சாத்திக் கிடக்கும். அவர்கள் பிணம் மேலத் தெரு வழியாகப் போகும். இவர்கள் பிணம் வாய்க்கால் கரையோடு சுற்றிப் போகும். யேசு மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒருவரே.

அப்பா ஒருமுறை லிஸ்பனிலிருந்து திரும்பிய அன்று, சாப்பிட உட்கார்ந்தபடி சொன்னார். "தூம்பாங்கிற வார்த்தைய போர்த்துக்கீசியன்தான் கப்பல்ல கொண்டாந்தான். பாவம், அவன் ஒண்ணுதான் கொண்டாந்தான். ரெண்டாக்கினது நம்ம ஊரு கெட்டிக்காரத்தனம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு எல்லாமே சிரிப்புதான். லிஸ்பன், ரோம், கோபன்ஹேகன் என்று பழைய பாதிரிமார் எழுதிவைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தவர். பேராசிரியர் குழந்தைராஜ் என்றால் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை குலுக்குவார்கள். ரிட்டையர் ஆனதும் திருச்சியில் வீடு வாங்காமல் இந்தத் தெருவிலேயே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால், "சரித்திரம் இங்கதானே இன்னும் முடியல" என்பார். அதற்கும் சிரிப்பு.

வண்டி பந்தல் வாசலில் நின்றது. நாட்டாமை தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"ஊரு சார்பா சாருக்கு மரியாதை பண்ணணும்னு முடிவு பண்ணிட்டோம். ராத்திரியே கமிட்டி கூடிப் பேசியாச்சு. சாயங்காலம் ஆயர் வர்றாரு, காலேஜ் ஆளுங்கள்லாம் வருவாங்க. சார இதுலதான் கொண்டுபோறோம்."

ஜோஸ்வா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள்."

அங்கிள்! அப்பா கடைசி வரைக்கும் 'ஐயா' என்று கூப்பிட்ட ஆள். எல்சிக்குத் தலைக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது.

"கொட்டாய்ச் சாவி கெடைச்சிருச்சா நாட்டாமை?" என்றாள்.

"என்ன பாப்பா?"

"இல்ல, எங்கம்மா செத்தன்னிக்குச் சாவி தொலைஞ்சு போச்சுல்ல. அதான் கேட்டேன்."

தைரியநாதன் வேறு பக்கம் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஐப்பசி அடைமழை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு கரை தெரியாமல் ஓடியது. பலகையில் வைத்து அந்த வழியே கொண்டுபோக முடியாது என்று அப்பா குடை பிடித்துக்கொண்டு நாட்டாமை வீட்டுக்குப் போய்ப் பெரிய தூம்பாவைக் கேட்டார். நனைந்து திரும்பி வந்தார். "சாவி வெச்சிருக்கிறவரு திருச்சி போயிருக்காராம்" என்றார். அம்மாவை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு கழி நழுவியது. அம்மாவின் கால் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போனதை எல்சி கரையில் நின்று பார்த்தாள்.

மறுநாள் அவளே கோயிலுக்குப் பின்னால் போனாள். கொட்டகைக் கதவில் பூட்டே இல்லை. நாதாங்கியில் ஒரு வேப்பங்குச்சியைச் சொருகியிருந்தார்கள்.

ஓடிவந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்குத் தெரியும்மா" என்றார்.

அந்த நாலு வார்த்தைகூட இல்லாத பதிலை அவளால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை. உலகமெல்லாம் போய்ச் சாதியை எதிர்த்த பழைய கலகங்களைப் பற்றிப் பேசியவருக்கு, ஒரு வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறியத் தெரியவில்லை.

ஜோஸ்வா அவளை உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"எதுக்கு இப்ப பழச கிளறுற? அவங்களா வந்து குடுக்குறாங்கல்ல?"

"ஆயர் வர்றாருன்னு குடுக்குறாங்க. ரெண்டு வண்டி இருக்கிறது அவரு கண்ணுல பட்டுறக் கூடாதுல்ல."

"எதுக்காகவோ இருக்கட்டுமே! அப்பா கேட்டது இதத்தானே? கெடைக்கிறப்ப வேணாம்ங்கிறது பைத்தியக்காரத்தனம் எல்சி."

"அப்பா அம்மாவுக்குக் கேட்டாரு. தனக்கு எப்பண்ணே கேட்டாரு?"

"அவர அந்தப் பலகையில வெச்சுத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? அவ்வளவு பெரிய மனுஷன? என்னால பாக்க முடியாதுடி."

அவன் குரல் உடைந்தது. அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நீ வெள்ளிக்கெழம ஏறிப் போயிருவ. நான் இங்கதான் குப்ப கொட்டணும். போன மாசம் இதே ஆளு வீட்டுல, கன்னு தலை மாட்டிக்கிட்டு நின்ன மாட்டுக்குத் தோள் வரைக்கும் கைய விட்டு இழுத்தேன். அப்ப டாக்டரம்மா, டாக்டரம்மான்னு கும்பிட்டாரு. கை கழுவிட்டு வந்தா டீ வந்துச்சு. அவருக்கு எவர்சில்வர் டம்ளர். எனக்குப் பிளாஸ்டிக் கப்பு. முன்னாடியெல்லாம் நமக்குன்னு ஒரு கிளாஸ எரவாணத்துல சொருகி வெக்கணும். இப்ப அந்தக் கஷ்டம்கூட அவங்களுக்கு இல்ல. குடிச்சிட்டுத் தூக்கிப் போட்டுரலாம்."

ஜோஸ்வா மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இந்த ஒரு நாளைக்கு, அப்பாவுக்காக," என்றான் மெதுவாக.

எல்சி வெளியே வந்தாள். பந்தல் முழுக்கப் பெண்களும் கிழவர்களும்தான். இளவட்டங்கள் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மீதிப் பேர் சிங்கப்பூரில் கட்டட வேலையில். காவிரியில் தண்ணீர் வராமல் குறுவையும் போய்ச் சம்பாவும் போன வருஷம். நட ஆள் தேடுவார் இல்லை. எல்லோரும் அந்தக் கறுப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தைகூட எழுந்து வந்து, பந்தல்காலைப் பிடித்தபடி அதன் கடைசல் தூண்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தினி நேர்த்தியா இருக்கு," என்றாள்.

அத்தையின் ஆசை எல்சியை ஒரு கணம் தடுமாற வைத்தது. பத்து வயதிலிருந்து நாற்று நட்டு, அந்தக் கூலியில் தன் அண்ணனை, எல்சியின் அப்பாவை, காலேஜுக்கு அனுப்பியவள். அந்த அண்ணன் இதில் போவதைப் பார்க்க அவளுக்கு ஆசை இருக்கக் கூடாதா?

எல்சி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சரி நாட்டாமை. அப்பா இதுல போகட்டும். இனிமே இந்தத் தெருவுல யாரு செத்தாலும் இந்த வண்டி வருமா? அத மட்டும் சொல்லுங்க."

"அதெல்லாம் கமிட்டி கூடிப் பேசணும் பாப்பா. எடுத்தேன் கவுத்தேன்னு சொல்ல முடியுமா? இப்ப சாரு விஷயத்தப் பாப்போம். சாரு வேற, மத்தவங்க வேற. அவரு உங்கள மாதிரியா?"

"எங்கள மாதிரின்னா?"

"எல்சி!" என்றான் ஜோஸ்வா. பேச்சை மாற்ற நினைத்து நாட்டாமையிடம் திரும்பினான். "மேலத் தெரு வழியாத்தானே அங்கிள் போறோம்? வீடியோக்காரர்கிட்ட சொல்லணும்."

"பின்ன? மேலத் தெரு வழியாத்தான்! அதுக்கும் பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன்ல." நாட்டாமைக்கு முகம் மலர்ந்தது. "சாரு, நீங்க, தங்கச்சி, ஆயரு, ஃபாதரு, காலேஜ்காரங்க எல்லாம் அந்த வழியா. மத்த சனம் வழக்கம்போல வாய்க்கா வழியா வந்து கல்லறையில சேந்துக்கட்டும். இந்த வருஷம் தண்ணிகூட இல்ல பாருங்க. செருப்புகூட நனையாது."

பந்தலில் ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஜோஸ்வா சரியாகக் காதில் விழாதவன்போல நின்றான். பிறகு கேட்டான்: "அத்தை?"

"யாரு, மேரியா? அது அவங்களோட வரட்டுமே. தெனம் வயலுக்கு நடந்த வழிதானே."

அவர் அதை வருத்த வேண்டுமென்று சொல்லவில்லை. சாதாரணமாக, ஒரு வசதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஜோஸ்வா குனிந்தான். பளபளப்பான கறுப்பு ஷூவின் கயிறுகளை அவிழ்த்தான். ஷூவையும் சாக்ஸையும் பந்தல்காலோரம் வைத்துவிட்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது அவன் தோளில் அந்தப் பலகை இருந்தது. சாணியும் ஒட்டடையுமாக இருந்ததை நடுப்பந்தலில் இறக்கி வைத்தான். விலையுயர்ந்த சட்டையைக் கழற்றி அதைத் துடைக்க ஆரம்பித்தான்.

எல்சி குடத்துத் தண்ணீரை எடுத்துப் பலகையில் ஊற்றினாள். பெண்கள் இரண்டு பேர் வந்து கையால் தேய்த்தார்கள்.

நாட்டாமைக்கு அப்போதுதான் புரிந்தது. "என்ன தம்பி இது? மரியாதையக் கொண்டாந்து குடுத்தா மூஞ்சியில அடிக்கிறீங்க? ஆயரு வர்ற நேரத்துல... அவரு எந்த வழியா வருவாரு?"

"வாய்க்கா வழியாத்தான்," என்றாள் எல்சி. "நாங்க எல்லாரும் போற வழி அதான். அவரும் எங்ககூட நடக்கட்டும். செருப்புதான் நனையாதே."

"திமிரு! சாரு பெத்த பிள்ளைங்களா இது? அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு, தங்கமான மனுஷன்."

எல்சி பெட்டிக்குள் பார்த்தாள். கண்ணாடியில் நீர் கோத்து, அப்பாவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். ஈரம் வெளிப்பக்கம் இல்லை.

"ஆமா, பேச மாட்டாரு," என்றாள். "நாங்க பேசுவோம். நீங்க வண்டிய எடுங்க."

அப்பாவிடம் கத்த வேண்டிய கத்தலெல்லாம் பாக்கியிருந்தது. இனி அதை யாரிடம் கத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தள்ளுங்கடா!" என்றார் நாட்டாமை. நாலு பேரும் வண்டியைத் திருப்பப் போனார்கள்.

ஆனால் வண்டி நகரவில்லை.

பாத்திமா மேரி முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்புக்கு வைத்திருந்த செங்கற்களில் இரண்டை எடுத்துவந்து, சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக முட்டுக் கொடுத்து, உள்ளங்கையால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வண்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். சேற்றில் ஊறிப் பித்தவெடிப்புக் கண்ட கால்கள் இரண்டும் தரைக்கு எட்டாமல் தொங்கின.

"ஏய் மேரி! எறங்கு! என்ன பண்ற?"

"இது இங்கேயே கெடக்கட்டும் ஐயா," என்றாள் அத்தை. "அடுத்தது நான்தான்."