அண்ணிக்குக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது

பேனா ரீஃபில் வாங்கிய ரசீதைக்கூடச் செலவுக் கணக்கில் ஏற்றச் சொல்லி என் உயிரை எடுப்பவர் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வரிக்கணக்கு பார்க்கும் என் கட்டணத்திலும் வருடா வருடம் பேரம் பேசுவார். கஞ்சன் என்று முகத்துக்கு நேரே சொன்னாலும் சிரிப்பார், கோபமே வராது.

போன வாரம் வந்தார். இதய ஆபரேஷனுக்காகத் தன் அண்ணிக்குப் பணம் தரப்போகிறாராம். அதற்கு வரிவிலக்கு உண்டா என்று கேட்டார்.

"கிடையாது. தனி ஆளுக்குக் கொடுத்தா அது வெறும் அன்பளிப்பு. பதிவு பண்ணின அறக்கட்டளைக்குக் கொடுங்க, விலக்கு உண்டு. ஆனா யாருக்குச் செலவு பண்றதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க."

"வேற யாருக்காவது கொடுத்துட்டா?"

"கொடுக்கலாம்."

"அப்ப வேண்டாம்."

பேரமே பேசாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

இன்று காலை போன் செய்தார். "அண்ணியை உங்ககிட்ட கூட்டிட்டு வர்றேன். அண்ணன் போனதுல இருந்து தையல் மெஷினை வச்சே வீட்டை ஓட்டுறாங்க. யார்கிட்டயும் சல்லிக்காசு வாங்க மாட்டாங்க. அதான், வரியில எல்லாம் திரும்பி வந்துடும், எனக்கு நஷ்டமே இல்லைன்னு சொல்லிட்டேன். கஞ்சன் நான் சொன்னா நம்புற மாதிரிதானே இருக்கும்! இருந்தாலும் உங்க வாயால ஒரு தடவை கேக்கணுமாம். நீங்க சும்மா ஆமான்னு சொல்லுங்க, போதும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பொய் சொல்வது அவர் இஷ்டம். வரி விஷயத்தில் என்னையும் ஏன் சொல்லச் சொல்கிறார்?

மதியம் இருவரும் வந்தார்கள். கடைக்காரரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அண்ணி மட்டும் மூச்சிரைக்க உள்ளே வந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"அந்தப் பணம் தம்பிக்கு நிஜமாவே திரும்பி வந்துடுமா? வராதுன்னா எனக்கு ஆபரேஷனே வேண்டாம்."

ஆமாம் என்றால் ஓர் உயிர் பிழைக்கும். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த மனுஷர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நஷ்டத்துக்கு ஒரு காரியம் செய்கிறார். அது அண்ணிக்குத் தெரியாமலே போவதா? என் மனசு கேட்கவில்லை.

"வராதும்மா. ஒரு காசு வராது. போன வாரமே அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அண்ணி தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். ஐயோ, காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று பதறினேன்.

"தெரிஞ்சேவா தர்றான்?"

"தெரிஞ்சேதான்."

"என்னைப் பார்க்க வரும்போது வாங்கிட்டு வந்த பழத்துக்கே பில் கேட்டு வாங்கினவன்மா அவன்," என்று சிரிக்க ஆரம்பித்தவர், பாதியிலேயே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்காரரை உள்ளே கூப்பிட்டேன். எங்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. திருட்டு முழி முழித்தார்.

"தம்பி, பணத்தை வாங்கிக்கறேன்," என்றார் அண்ணி. "ஆனா திருப்பித் தர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க அண்ணி," என்றவர், என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார்.