வரவேற்பு மெட்டு

பனாஸ் பிடிலைத் தாடைக்கடியில் வைத்தான். அது பட்டதே தாடைக்குத் தெரியவில்லை. ஏப்ரலில் மகன் ஒரெஸ்டைப் புதைத்ததிலிருந்தே இப்படித்தான். ரொட்டி தின்றான், கோதுமை அறுத்தான், படுத்தால் தூங்கினான். அழுகைகூட வரவில்லை. வந்து தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

துக்க வீட்டுக்காரன் ஒரு வருஷம் வாத்தியத்தைத் தொடக்கூடாது. சஸ்காச்சவன் சமவெளிக்குக் குடிவந்த உக்ரேனியர்களில் இது தெரியாதவன் கிடையாது. ஆனால் ஊர்க்காரர் மாக்சிம், தன் மகள் கல்யாணத்தில் வாசிக்க வேண்டுமென்று போன குளிர்காலத்திலேயே சொல்லி வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் வேறு பிடில்காரனும் இல்லை. இப்போது மறுபடி வந்து கேட்டார், பனாஸ் தலையாட்டிவிட்டான். சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. மனைவி யெவ்தோகா அவனிடம் வாய் திறந்தே ஐந்து மாதம் ஆகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட இந்தப் பாழாய்ப்போன மனசு கொஞ்சம் அசைந்திருக்கும். அதற்காகவேதான் ஒத்துக்கொண்டானோ என்னவோ.

தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் மண்டப வாசலில் வரிசை கட்டினார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் வரவேற்பு மெட்டு வாசித்தாக வேண்டும். அவர் படி தாண்டும்வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ‘உள்ளே வராதே’ என்று அர்த்தம். யெவ்தோகாவின் தம்பி நெஸ்தோர் சிம்பாலி வாத்தியத்தின் கம்பிகளைக் குச்சிகளால் தட்டினான். ஒரெஸ்ட் டிரம்மோடு உட்காருகிற இடத்தில் பக்கத்துப் பண்ணை லூக்யான் டிரம் அடித்தான். அடித்தானா, தாளத்தில் பன்றி துரத்தினவன் மாதிரி ஓடினான்.

பனாஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படியில் காலணி தெரிந்தால் கை தானாக வில்லை இழுக்கும். தூசி படிந்த கறுப்புக் காலணி ஒன்று வந்தது. இழுத்தான். நாலு வரி போனபிறகுதான் நிமிர்ந்தான். கறுப்பு முக்காட்டில் யெவ்தோகா நின்றாள்.

“மச்சான், அக்கா!” நெஸ்தோர் பல்லைக் கடித்தான். “கறுப்பு கட்டுனவளுக்குப் போய் வாசிக்கிறோமே, பாவம் சும்மா விடுமா?”

“நிறுத்தட்டுமா?”

“நிறுத்துனா வாசல்லயே வச்சு வெரட்டுன மாதிரி ஆயிடும். வாசிச்சுத் தொலை!”

அவள் உள்ளே வரவில்லை, திரும்பியும் போகவில்லை. மெட்டு மூன்று சுற்று வந்துவிட்டது. வேண்டுமென்றே தண்டிக்கிறாள் என்றுதான் பனாஸ் நினைத்தான். தண்டிக்கட்டும். நான்காவது சுற்றில் அவள் லூக்யானைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள். “இவன் ஓடுறான். நம்ம புள்ள இப்படி அடிக்கமாட்டான்.”

பனாஸுக்கு நெஞ்சில் எங்கோ வலித்தது. அப்பாடா, வலித்தது.

“லூக்யான், மெதுவா,” என்றான். கையைத் தளர்த்தி வில்லை நீளமாக இழுத்தான். டிரம் தடுமாறி, பிறகு மெல்ல அதன் பின்னால் வந்தது. யெவ்தோகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெளிப்படியிலேயே நின்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் காத்திருந்தார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை.