அபூசாலி கடைச் சப்பாத்தின் தரம்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் திகதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து, உள்ளே ஆளில்லாமல், மன்னார்ப் பாலத்தைத் தீவுப் பக்கமாக நடந்து கடந்தது. சாவடியில் நின்ற சிப்பாய் இரண்டுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்று கண்டதும் சிங்களத்தில் "யன்ட", போகலாம் என்று கையைக் காட்டினார். பின்னால் வந்த மீன் லொறிக்காரரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அபூசாலி கடைச் சப்பாத்து றோட்டில் போனால் வழிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது இலுப்பைக்கடவையிலிருந்து வந்த சோடி. முதல் நாள் மத்தியானம் புறப்பட்டிருக்க வேண்டும், இடது குதி நன்றாகத் தேய்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

அபூசாலி அந்தக் கடையை மன்னார்ப் பெரிய கடைத்தெருவில் திறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில். கலியாண மாப்பிள்ளைக்கு, கந்தோருக்குப் போகிறவருக்கு, திருவிழாப் பூசைக்குப் போகிறவருக்கு என்று தோற் சப்பாத்து மட்டுந்தான் அங்கே தைக்கப்பட்டது. செருப்புக் கேட்டு வந்தவரை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அவர் தைத்த சப்பாத்துக்கு ஒரு குணம் இருந்தது. குதி தேய்ந்தாலோ அடித்தோல் வாய் பிளந்தாலோ சொந்தக்காரர் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, அதுவாகவே புறப்பட்டுக் கடைக்கு வந்துவிடும். திருத்திப் பொலிஷ் போட்டு வாசலில் வைத்தால் பொழுதுபடுவதற்குள் திரும்பிப் போய்விடும். சில சோடி மூன்றாம் வருடம் வந்தது, சில சோடி மூன்றாம் மாதமே வந்து நின்றது. மறிச்சுக்கட்டிச் சப்பாத்துகளுக்கு இரண்டு நாள் பிடிக்கும் என்பதால் அவை சிலாவத்துறைப் பள்ளிவாசலில் தொழ வந்தவர்களின் செருப்புகளோடு சேர்ந்து இளைப்பாறிவிட்டு வரும். இதை ஒருவரும் அதிசயம் என்று சொல்லவில்லை, தரம் என்றுதான் சொன்னார்கள். கொழும்பில் வாங்கின சப்பாத்து என்று யாராவது பெருமை பேசினால், அது தானாக நடக்குமா என்று ஒரே கேள்வியில் ஆளை அடக்கிவிடுவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அபூசாலியும் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு புத்தளம் போனார். அங்கே முகாமில் ஒரு பலகையைப் போட்டுத் தைத்தார், மகள் அஸீபாவும் பக்கத்தில் இருந்து தைத்தாள். இரண்டாயிரத்து நான்கில் அவர் அங்கேயே மௌத்தானார். இந்தச் செய்தி சப்பாத்துகளுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாயிரத்துப் பதினொன்றில் அஸீபா ஊருக்கு வந்து, கடை வாசலில் மண்டிக் கிடந்த எருக்கலையை வெட்டியபோது, ஐம்பத்திரண்டு சோடி சப்பாத்து கதவைப் பார்த்தபடி வரிசையாக நின்றது. ஒரு சோடி உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது, அது இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து கடல் வழியாக வந்தது. அஸீபா எட்டு மாதம் குந்தியிருந்து அத்தனைக்கும் குதி மாற்றி அனுப்பினாள். சொந்தக்காரர்கள் எங்கெங்கோ போயிருந்தும் சப்பாத்துகள் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டன. அபூசாலியின் கை மகளுக்கு வந்திருக்கிறது என்று ஊர் அப்போது வாயாரச் சொன்னது.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அஸீபா தன் கையால் புதிதாகத் தைத்து விற்ற நானூறு சோடியில் ஒன்றுகூடத் தானாகத் திரும்பி வரவில்லை. முதல் மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஐந்தாம் வருடம் மீன் சந்தையில் பேச்சுத் தொடங்கியது, எட்டாம் வருடம் தீவு முழுக்க அதே பேச்சு. தோல் இப்போது இந்தியாவிலிருந்து வருகிறது, அதுதான் என்றார்கள் சிலர். நூல் சரியில்லை என்றார்கள் சிலர். பொம்பிளை தைத்தால் இப்படித்தான் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டு, அஸீபா வருவதைக் கண்டு ஐஸ் பெட்டிக்குப் பின்னால் மறைந்தார்கள். அஸீபா யாருக்கும் பயந்தவள் இல்லை. "என்ர சப்பாத்து தேயாது, அதால வராது. தேயாத சாமான் ஏன் நடையா நடக்கவேணும்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னாள், சொன்னதை முழுமனதோடு நம்பவும் செய்தாள்.

ஆனால் மாப்பிள்ளைமார் கொழும்புக்குப் போய்ச் சப்பாத்து வாங்கத் தொடங்கினார்கள். கடை அஸீபாவுக்கும் அவளுடைய மூத்த சகோதரர், நானா நௌஷாட்டுக்கும் பொதுவானது. அவர் அதில் கைத்தொலைபேசிக் கடை போடலாம் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஊர்ப் பேச்சைத் தாங்க முடியாத மனுஷன். "வாப்பாட பேரை இப்பிடிச் சந்தி சிரிக்க விடேலாது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள நீ தைச்ச ஒரு சோடி தானா நடந்து வரட்டும், நான் வாயே திறக்கமாட்டன். வராட்டி கடையை எனக்குத் தா" என்றார். அஸீபா யோசிக்காமல் "ஓம் நானா" என்றாள். அப்போது பெருநாளுக்கு மூன்று மாதம் இருந்தது.

மே எட்டாம் திகதி பாப்பாமோட்டையிலிருந்து காப்புறுதி முகவர் வின்சன்ட் கடைக்கு வந்தார். எட்டு வருடம் முன்பு அஸீபாவிடம் வாங்கின சோடியைப் பையில் போட்டுக் கையில் கொண்டுவந்திருந்தார். ஊர் ஊராக நடக்கிற மனுஷன், குதி ஆணிவரை தேய்ந்துபோயிருந்தது. "நல்ல சாமான் தங்கச்சி, ஒரு நாளும் கடிச்சதில்ல. ஆனா தானா வரும் எண்டு ரெண்டு மாசம் பாத்தனான், அசையுதில்ல" என்றார். அஸீபாவுக்கு முகம் செத்துவிட்டது. தேயாது என்று ஊரெல்லாம் சொன்னது பொய்யாகிவிட்டது. அன்று பின்னேரம் அவள் சோறு தின்னவில்லை. தன் கையில்தான் குறையோ என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தாள்.

அடுத்த நாள் காலையில்தான் இலுப்பைக்கடவைச் சோடி பாலத்தைக் கடந்து கடை வாசலுக்கு வந்து நின்றது. அது ஓய்வுபெற்ற ஆசிரியர் அருள்நேசனுடையது, எண்பத்து நான்கில் கலியாணத்துக்கு வாங்கினது. உப்புப் பூத்து வந்ததும் இதே சோடிதான். அஸீபா அதையும் வின்சன்டின் சோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாப்பாவிடம் இருந்ததும் தன்னிடம் இல்லாததும் என்ன என்று கண்டுபிடிக்க, இரண்டையும் அக்கக்காகப் பிரித்தாள். குதி மாற்றுவதற்கு உள்தோலைக் கழற்றத் தேவையில்லை என்பதால் அதுவரை அவள் அங்கே பார்த்ததே இல்லை. பார்த்தபோது, அருள்நேசனின் இடது சப்பாத்தில், உள்ளங்கால் வளைகிற இடத்தில், மூன்று தையல் விடுபட்டிருந்தது. ஊசி போன துளை இருந்தது, நூல் இல்லை.

திருத்த வந்து கிடந்த வேறு நான்கு பழைய சோடிகளையும் பிரித்தாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் மூன்று தையல் இல்லை. அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு வாப்பாவை நினைத்து அழுதாள். அபூசாலி கடை திறந்த நாளிலிருந்து வாசலில் ஆள் நிற்காத நாள் இல்லை, மாப்பிள்ளையின் தகப்பன் வந்து கழுத்தைப் பிடிப்பான். மனுஷன் உள்தோலை ஒட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்தமுறை வரும்போது அந்த மூன்றையும் போடுவோம் என்று விட்டிருப்பார். அடுத்தமுறை வந்தபோதும் வாசலில் ஆள் நின்றிருக்கும். சப்பாத்துகள் குதி மாற்ற வரவில்லை. வேலை முடியவில்லை என்றுதான் வந்துகொண்டிருந்தன, அறுபது வருடமாக. அஸீபா அருள்நேசனின் சப்பாத்தில் மூன்று தையலையும் போட்டு வாசலில் வைத்தாள். பொழுதுபட்டது, அது அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போகும்படி அருள்நேசனுக்கு ஃபோன் எடுக்க வேண்டியதாயிற்று. முழங்கால் வலி குறைந்ததும் வருவதாக அவர் சொன்னார்.

இப்போது உண்மையைச் சொன்னால் வாப்பாவின் பெயர் போகும், சொல்லாவிட்டால் கடை போகும். நௌஷாட்டின் மனைவி பஸ்மினாவிடம் மட்டும் அஸீபா இதைச் சொன்னாள். பஸ்மினாவுக்குத் தன் புருஷன் கைத்தொலைபேசி விற்பதில் ஒரு துளி விருப்பமும் இல்லை. "மூண்டு தையல்தானே அஸீபா. ஒரு சோடியில விட்டிட்டுப் போ, கடை உனக்கு" என்றாள். பெருநாளுக்கு நான்கு நாள் இருந்தபோது, ஜெயகாந்த் என்ற மாப்பிள்ளைக்குத் தைத்த சோடியில் அஸீபா மூன்று தையலை விட்டுப் பார்த்தாள். பஸ்மினா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போயிருக்கிறாள். பத்து நிமிடத்தில் சோடி வீதியைக் கடந்து கடைக்குள் வந்துவிட்டது, அவள் கை தட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். நௌஷாட் கேட்டது நடந்துவிட்டது. அஸீபா அந்தச் சப்பாத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மதினி, அந்தப் பொடியன் பீடத்துக்கு முன்னால தாலி கட்ட நிக்கேக்க இது கழண்டு வந்தா நான் எந்த முகத்தோட இந்தத் தெருவில இருக்கிறது?" என்றாள். உள்தோலைக் கழற்றி மூன்று தையலையும் போட்டாள், அன்றே ஜெயகாந்திடம் கொடுத்தனுப்பினாள். பஸ்மினா தலையில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பெருநாள் தொழுகை முடிந்து நௌஷாட் வந்தபோது பின்னால் தெருவே வந்தது. சப்பாத்து ஒன்றும் வரவில்லை என்று அஸீபா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். ஏன் வராது என்பதையும் சொன்னாள், பிரித்த பழைய சப்பாத்துகளைக் காட்டினாள். "வாப்பாட வேலை முடியாத வேலை. என்ர வேலை முடிஞ்ச வேலை. கடையை எடுங்கோ நானா, ஆனா தரம் குறைஞ்சு போச்செண்டு மட்டும் சொல்லாதேங்கோ." தெருவில் சத்தம் எழுந்தது. மௌத்தாகிப்போன மனுஷனை இப்படிச் சொல்லலாமா என்று ஒரு பெரியவர் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அருள்நேசன் பொல்லை ஊன்றிக்கொண்டு பஸ்ஸால் இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டார், தன் சப்பாத்தை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "என்ர மூத்தவனுக்கு ஞானஸ்நானம் நடந்த நாள் இது விடிய எழும்பிப் போயிட்டுது. பிள்ளையைக் கையில வச்சுக்கொண்டு வெறுங்காலோட நிண்டனான், படமும் இருக்கு. மண்டபம் முகாமில என்னட்ட இருந்த ஒரே நல்ல சாமான் இது. அதுவும் கடலில இறங்கிப் போச்சு. சனம் அதைப் பாத்துக் கை தட்டினது. எனக்குக் கை தட்ட வரேல்ல." கதிரையில் உட்கார்ந்து சப்பாத்தைப் போட்டார். "இனி இது போகாதுதானே, பிள்ளை?" என்று கேட்டார். போகாது சேர் என்றாள் அஸீபா. கிழவர் கதிரையை விட்டு எழும்பாமல் இரண்டு காலையும் பார்த்தபடி அழுதார்.

நௌஷாட் வீட்டுக்குப் போனார். கால் மணித்தியாலத்தில் ஒரு அரிசிப் பையோடு வந்தார். வாய் கயிற்றால் கட்டியிருந்தது, பை உள்ளுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது. அவிழ்த்தபோது, புத்தளம் முகாமில் அபூசாலி மகனுடைய நிக்காஹ்வுக்குத் தைத்த சோடி வெளியே வந்து அஸீபாவின் மேசைக்கு நேரே போய் நின்றது. "முகாமில இருந்த காலம் முழுக்க இது கிழமைக்கு ஒருக்கா மன்னாருக்கு வெளிக்கிடும். நான் வில்பத்துக் காடு வரைக்கும் பின்னால ஓடிப் பிடிச்சுக் கொண்டுவருவன். பஸ்மினாவுக்குக்கூடச் சொன்னதில்ல" என்றார். பிறகு, "எனக்கும் அந்த மூண்டையும் போட்டுத் தா" என்றார்.

அஸீபா போட்டாள். மூன்றாவது தையல் இறுகியதும் சப்பாத்து அடங்கிவிட்டது. நௌஷாட் அதைப் போட்டுக்கொண்டு கடைப் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார், கடிக்கவில்லை என்றார், குர்பான் இறைச்சி பங்கிட நேரமாகிறது என்று வீட்டுக்கு நடந்து போனார்.