நாலாம் எண் தண்டு

...நின்றது நாலாவதா? மின்சாரம் போயிருக்குமோ, இல்லை, விளக்கு எரிகிறது, மற்ற ஆறு இயந்திரங்களும் தண்டுகளை வளைத்து நிமிர்த்திக்கொண்டுதான் இருக்கின்றன, நாலாவது மட்டும் வாயடைத்து நிற்கிறது, தண்டு முறிந்தால்தான் இயந்திரம் தானாக நிற்கும், பாங் மிரான் ஓடவில்லை, ஓடினால் பொய்யாகிவிடுமோ என்று மெல்ல நடந்தாள்... ஏழுமே ஓய்வுபெற்ற ரயில் அச்சுகளிலிருந்து அறுத்த எஃகுத் தண்டுகள், வழக்கமான ஒலிச் சோதனையில் ஏழுமே சுத்தம், விரிசல் இருந்தால்தானே எதிரொலி வரும், இவளோ விரிசல் விழுமுன்னே கேட்க நினைத்தவள், காதுக்கு எட்டாத ஒலியை ஒரு முனையில் அனுப்பினால், களைத்த எஃகு அதைச் சற்றே குலைத்து, இரு மடங்கு வேகமாய்த் துடிக்கும் இன்னொரு மெல்லிய ஒலியையும் சேர்த்து மறுமுனைக்கு அனுப்பும், நாலாவதில் அந்த மெல்லிய ஒலி மற்றவற்றைவிட மூன்று மடங்கு, முதலில் உடைவது இதுதான் என்று கையெழுத்துப் போட்டே கொடுத்தாள், பிரிவுத் தலைவர் மா கியூசிக் சிரித்தார். "இரும்பு ஒண்ணும் பாடல மிரான், உங்க கருவிதான் முனகுது." அப்படியும் இருக்குமோ? கருவியை மாற்றினாள், தடவும் பசையை மாற்றினாள், மறுபடி மறுபடி அளந்தாள், ஆறு வருஷம், ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு...

தண்டு இரண்டாகக் கிடந்தது. முறிவின் ஒரு பாதி வழவழவென்று, மறுபாதி கரடுமுரடாக, களைத்து முறிந்த எஃகின் முகம் அப்படித்தான், வீட்டில் கிண்ணம் உடைந்தாலே முகம் சுண்டிப்போகிறவள் இப்போது தனியாக நின்று சிரிக்கிறாள், யாரிடமாவது சொல்ல வேண்டும், கணவனிடமா, மாசானில் இருக்கும் அம்மாவிடமா, யோசிப்பதற்குள், முறிந்த துண்டு கையில் இருக்க, கால்கள் உணவுக்கூடத்துக்கே வந்துவிட்டன, மூலையில் கியூசிக், குளிர்ந்த சோயாப்பால் நூடுல்ஸுக்கு முன்னால்... ஏன் முதலில் இவரிடம்? துண்டை கிம்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலாவதுதானே?"

"ஆமா சார்."

"இது எனக்கு மூணாவது கிண்ணம். காலையில இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். அங்க நின்னா அந்த நாலாவதையே பாத்துக்கிட்டு நிப்பேன்."

அவர் கண் துண்டை விட்டு வரவில்லை, அடுத்து எது உடையும் என்று கேட்டார், இரண்டாவது என்றாள், சரி என்று தலையாட்டினார், சிரிக்கவில்லை, இவளுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை, அப்படியானால் இத்தனை வருஷம் அவர் சிரித்ததெல்லாம்... கேலியா, இல்லை, இது உண்மையாக வேண்டும் என்று இவளைவிட அதிகமாய் ஆசைப்பட்டுவிடுவோமோ என்ற பயமா?