திரும்பப் பூட்டுங்கக்கா

...இல்லை, இப்போதும் கறுப்புத்தான், முன்னால் பச்சை லைற் எரிகிறது, உள்ளே காற்றாடி சுற்றுகிற இரைச்சல் கேட்கிறது, பிறகு பீப், பீப், பீப் என்று மூன்று தரம் கத்திவிட்டு வாயை மூடிக்கொள்கிறது, திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது... நேற்றுப் பின்னேரம் வரைக்கும் ஒழுங்காகத்தானே இருந்தாய், ஆறாம் வகுப்புக் கணக்குத் தாள் முழுக்க உன்னில்தானே ரைப் பண்ணினேன், இன்றைக்குப் பார்த்தா உனக்கு இந்தக் கோலம் வரவேண்டும், என்று சீதேவி கம்பியூட்டரோடு மனசுக்குள் மல்லுக்கு நின்றாள். சுவர் மணிக்கூட்டில் இரண்டு பத்து. நாலு மணிக்குள் அந்த அட்டை வேண்டும்... அவளுடைய மனுசன் வினாயகமூர்த்தியின் அடையாள அட்டை. அசல் போன மாதம் தோணி கவிழ்ந்தபோது வாவிக்குள் போய்விட்டது, புதிசுக்கு எழுதிப் போட்டது இன்னும் வந்தபாடில்லை, வீட்டில் இரு என்றால் மனுசன் கேட்டாரா, மீன் பழுதாப் போயிரும், ஐஸ் நிக்காது என்று விடிய வெள்ளென மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடிப் பக்கம் வெளிக்கிட்டார், வழியில் சோதனையில் மறித்துப் பொலிசுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அட்டை இல்லாதவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, இந்த நாட்களில் அதுதானே சட்டம். பொலிசுக்கு ஓடினாள். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொன்னார், ‘ஐடென்டி’ என்றது விளங்கிற்று, ‘ஹதரட’ என்று நாலு விரலைக் காட்டியதும் விளங்கிற்று. நாலு மணிக்கு அட்டையைக் கொண்டு வா. சரி, கொண்டு வாறன் ஐயா. அட்டையின் படம் உலகத்திலேயே இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது, பெட்டியோ மூன்று தரம் கத்துகிறது.

அந்தப் படம் இதற்குள் போனதே ஒரு பகிடிக் கதை... சுனாமிக்குப் பிறகு நிவாரணக்காரர் தந்த பழைய பெட்டி இது, ஆரையம்பதியில் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை, காத்தான்குடியில் தமையனின் கடையில் திருத்துவேலை பழகிய ஒரு பிள்ளை இருக்கிறாள் என்றார்கள், வந்தாள் றஸீனா. கறுப்பு அபாயாவோடு நிலத்தில் பாய் போட்டு உட்கார்ந்தாள், ஸ்க்றூ ட்றைவரை எடுத்தாள், அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமில்லை. எப்படிப்பட்ட பொறுமை அது! ஒரு ஆணியையும் அவசரப்பட்டுக் கழற்ற மாட்டாள், கழற்றியதைக் கண்ட இடத்தில் போட மாட்டாள், உள்ளே கை வைக்கும் முன் ஒவ்வொரு தரமும் ஜன்னல் கம்பியைத் தொடுவாள், என்ன பிள்ளை நேர்த்திக்கடனா என்று கேட்டால், ‘இல்லகா, உடம்பில இரிக்கிற கறண்ட் கம்பிக்குப் போகட்டும், பெட்டிக்கு வேணாம்’ என்பாள். ஸ்கேனரைச் சோதிக்க ஏதாவது தாங்க என்றதும் வினாயகமூர்த்தி அட்டையை நீட்டினார், ‘என்ட மூஞ்சிய வச்சுப் பாருங்க, மிசின் தாங்குதா எண்டு.’ எல்லாரும் சிரித்தார்கள். அழிக்கவா என்று சீதேவி கேட்டபோது அவள்தான் தடுத்தாள், ‘கிடக்கட்டும்கா, எண்டைக்கோ உதவும்.’ எண்டைக்கோ... இருபத்தைந்து வயசுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது அந்தப் புத்தி? அங்காலப் பக்கத்து முஸ்லிம் பிள்ளையை ஏன் வீட்டுக்குள் எடுக்கிறாய் என்று இங்கே கேட்டார்கள், இங்காலப் பக்கம் ஏன் போகிறாய் என்று அங்கே அவளையும் கேட்டிருப்பார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கூப்பிட்ட நேரமெல்லாம் வந்தாள். நடந்தால் கால் மணித்தியாலம் வராது. இன்றைக்கு அந்தக் கால் மணித்தியாலத்தின் நடுவில் ஆமி நின்று சோதனை போடுகிறது, ஒருவரையும் விடவில்லை, தொலைபேசி ஒன்றுதான் மிச்சம்.

முதல் மணியிலேயே றஸீனா எடுத்தாள், அதுவே பெரிய ஆறுதல். ‘காத்தாடி சுத்துதா? ஸ்கிறீன் வயர இறுக்கிப் பாத்தீங்களா? எத்தின தரம் கத்துது?’ ‘சுத்துது புள்ள, இறுக்கிப் பாத்தன், மூண்டு தரம்.’ ‘பதறாதீங்கக்கா, முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க. முழுசா நிப்பாட்டுங்க. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப...’ கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்குள்ளிருந்து ‘பூட்டுங்கக்கா’ என்று வந்து விழுந்தது, அத்தோடு லைன் செத்துப் போயிற்று. திரும்ப அடித்தால் ஒன்றும் இல்லை. திரும்பப் பூட்டுங்கக்கா... பூட்டுவதென்றால் முதலில் கழற்றவேண்டுமே, கழற்றுவதென்றால் எதை? போன மாரி மழையில் இப்படி ஒருக்கா கத்தியபோது றஸீனா எதையோ கழற்றி எடுத்தாள், பச்சை நிறத்தில் நீளமான மெல்லிய தகடு, அடி விளிம்பில் மஞ்சள் பற்கள்... வாவிக் காத்துக்கு உப்புப் பிடிக்கும் என்று சொல்லி அழிறப்பரால் தேய்த்தாளே, அதுதான். சீதேவி சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னல் கம்பியைத் தொட்டாள், போகட்டும், என் உடம்பில் இருக்கிற கறண்ட், பயம், எல்லாம் கம்பிக்குப் போகட்டும். மூடியைக் கழற்றினால் உள்ளே தூசியும் பல்லி முட்டை ஓடுகளும், அடி பாவி, இங்கேயா குடித்தனம்... ஆணிகளைத் தேநீர்க் கோப்பைத் தட்டில் போட்டாள், றஸீனா அப்படித்தான் போடுவாள். தகட்டின் இரு முனையிலும் இருந்த வெள்ளைக் காதுகளை விலக்கினாள், வந்துவிட்டது. உடைத்துவிட்டேனோ? இல்லை, பல் எல்லாம் இருக்கிறது. மெதுவாகத் தேய்த்தாள், அழிறப்பர் கறுத்தது, பல் மினுங்கிற்று. திரும்ப வைத்தால் இறங்கவில்லை, நாலு மணி, நாலு மணி, அழுத்தாதே, றஸீனா என்றால் அழுத்துவாளா, எடுத்துப் பார்ப்பாள்... எடுத்துப் பார்த்தாள், கீழே ஒரு வெட்டு, அது ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும். மாற்றி வைத்து அமர்த்தினாள். இந்தப் பக்கம் டக், அந்தப் பக்கம் டக்.

பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள், ஒரே ஒரு பீப். அதற்குப் பிறகு வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின, சீதேவிக்கு நெஞ்சு நிறைந்து கண்ணீர் வந்துவிட்டது, றஸீனா, என்ட கிளியே, உன் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும்... ஸ்கேன் பண்ணிய கோப்பைத் தேடித் திறந்தாள், படம் இருந்தது, பிறிண்டர் முக்கி முனகி ஒரு தாளைத் தள்ளிற்று. வினாயகமூர்த்தி தாளிலிருந்து பார்த்தார், பெயர், இலக்கம், ஊர், எல்லாம் தெளிவு. மணி மூன்றாகப் பத்து நிமிசம். தாளை மடித்துப் பையில் வைத்தபோது தொலைபேசி அடித்தது. ‘அக்கா, லைன் கட்டாயிட்டு, என்னவாம் மிசின்?’ ‘வேல செய்யுது புள்ள! நீ சொன்ன மாதிரியே கழட்டித் தேச்சுத் திரும்பப் பூட்டினன்.’ ‘என்னத்தக் கழட்டின நீங்க?’ ‘அந்தப் பச்சைத் தகடு.’ ‘அல்லாஹ்வே... நான் பூட் பண்ணுங்க எண்டெல்லோ சொன்ன! நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாக்கச் சொன்ன, அவ்வளவுதான். உள்ளுக்குக் கைய வச்சிராதீங்க எண்டு சொல்லப் போக லைன் போயிட்டு.’ பிறகு அவளே சிரிக்கத் தொடங்கிவிட்டாள், ‘நான் சொன்னதச் சரியாக் கேட்டிருந்தா இப்பவும் கறுப்புத்தான்கா. கெட்டிக்காரி நீங்க, மெய்யாச் சொல்றன்.’ சீதேவியும் சிரித்தாள், காலையிலிருந்து முதல் சிரிப்பு. பிழையைக் கேட்டுத் திட்டாமல் கெட்டிக்காரி என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வாத்தியார்மாருக்கே வராது. அவள் சொல்லாததையும் அவளிடமிருந்துதானே படித்தேன், ஜன்னல் கம்பியும் அழிறப்பரும் வேறு யாருடையவை?

செருப்பைப் போட்டாள், கதவைச் சாத்தினாள், சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது... பூட் என்பது பூட்டு என்று கேட்டிருக்கிறது, இரண்டு வருஷமாய்ப் பழகிய குரல், சொந்தப் பாஷை, அப்படியிருந்தும்... வாசல் படலையில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். ஹதரட, நாலு மணிக்கு, அது சரி, நாலு விரலைக் கண்ணாலும் கண்டாள். அதற்குப் பிறகு அந்த அதிகாரி சொன்ன சொல் என்ன? கேன்ன என்றால் கொண்டு வா. சந்தைக்கு வருகிற சிங்களக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறாள், தெரியும். கெனியனவா என்றால் கொண்டு போவோம். அதுவும் தெரியும். அட்டையைக் கொண்டு வா என்றாரா, அட்டை இல்லாதவனை நாலு மணிக்குக் கொண்டு போகிறோம் என்றாரா... எங்கே கொண்டு போக? அவள் ஓடத் தொடங்கினாள். இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தொடங்கும், ஜீப் இரைந்த இரைச்சலில் அவள் காதில் விழுந்ததும் அந்தத் தொடக்கம் மட்டும்தான்.