நீலாவதி உள்ளே, சாவியும் உள்ளே

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, மறதியில் உதித்தது. லுக்குட் பசார் எதிரே என் பழைய பிக்கப்பை நிறுத்தி, சாவியை உள்ளேயே விட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டேன். பட்டறைக்கார மணியம் வந்தார். எழுபதைத் தொட்டவர். மெல்லிய தகடு ஒன்றைக் கண்ணாடி இடுக்கில் விட்டுத் துழாவியபடியே சொன்னார்:

“இது பரவால்ல லா. டாருராட் காலத்துல எங்கம்மா தோட்டத்து பிக்கப்புக்குள்ள போயிப் பூட்டிக்கிட்டாங்க. தொரையே வெளிய நின்னாரு.”

“ஏன்?”

“அப்பா வண்டி ஓட்டக்கூடாதுன்னு.”

அதற்குள் கதவு திறந்துவிட்டது. அவருக்கு வேறு வேலை இருந்தது. எனக்கு இல்லை. ஆகவே மீதியை நான் எழுதுகிறேன்.

2

அது 1951, மலாயா. அன்று பிற்பகல் ரப்பர் மரங்கள் துயரத்தோடு

(நிறுத்திவிட்டேன். ரப்பர் மரத்துக்குத் துயரம் ஏது? பால்தான் உண்டு.)

மறுபடியும். அர்ச்சுனன், ஒரு ரப்பர் தோட்டத்து பிக்கப் டிரைவர். நீலாவதி அவன் மனைவி, பால்வெட்டுகிறவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. (பெற்றோர் பெயரை மணியத்திடம் கேட்க மறந்தேன். இரண்டும் நான் வைத்தவை.)

மணியம் சொன்ன டாருராட், அதாவது அவசரகாலம், தொடங்கி மூன்றாம் வருடம். தோட்டத்தின் மேல் டிவிஷன் காட்டை ஒட்டி இருந்தது. அதற்குப் போகும் மண்சாலை வளைவில், போன வாரம் காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகள் ஒரு லோரியைச் சுட்டுவிட்டார்கள். ஓட்டியவன் வீரமுத்து, நீலாவதியின் அண்ணன். தோளில் குண்டு. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் பிக்கப் நின்றது. பின்னால் முள்கம்பிச் சுருள்கள். அர்ச்சுனன் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“எங்க போறீங்க?”

“மேல் டிவிஷனுக்கு. வேலி போடணுமாம். ஊரடங்குக்கு முன்னால வந்துருவேன்.”

அவள் வண்டியில் ஏறினாள். இரண்டு கதவுகளையும் சாத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்கைப்பிடிகளைக் கீழே அழுத்திப் பூட்டினாள்.*

* அந்தப் பிக்கப்பில் வெளியே சாவித் துவாரம் இடப்பக்கக் கதவில் மட்டும். டிரைவர் பக்கத்தை உள்ளிருந்துதான் பூட்ட முடியும். இருந்த ஒரே சாவி ஸ்டீயரிங் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

3

முதலில் வந்தவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம். “என்னம்மா இது, வெளையாட்டா? தொரை வர்றாரு, எறங்கு!”

நீலாவதி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கிராணி வண்டியில் இருந்த முள்கம்பியையே இழுத்து இடுக்கில் விட்டுப் பார்த்தார். கதவு திறக்கவில்லை, உள்ளங்கைதான் கிழிந்தது. அதற்குள் பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருவர் வண்டியைக் குலுக்கச் சொன்னார். ஒருவர் அவளுக்குப் பசிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார்.

தொரை வந்தார். தோட்ட மேனேஜர், வெள்ளைக்காரர்; ஆனால் தோட்டத்துத் தமிழ் வரும்.

“என்னா இது? ஏன் கதவு தொறக்கலே?”

“கண்ணாடிய ஒடச்சிரலாங்களா, தொரை?” என்றார் கிராணி, கையைச் சுற்றிக்கொண்டே.

“புது கண்ணாடி சிங்கப்பூர்லே இருந்து வரணும். மூணு மாசம். ஒடைக்காதே.”

அப்போதுதான் நீலாவதி வாயைத் திறந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் கத்த வேண்டியிருந்தது.

“எங்கண்ணன் போனப்பவும் கூட ஒரு ஆள் இல்ல, தொரை! தோள்ல பட்டுச்சு, பொழச்சான். இவருக்கும் தோள்லதான் படும்னு என்ன உத்தரவாதம்? துப்பாக்கிக்காரங்கள கூட அனுப்புங்க. நானே கதவத் தொறக்குறேன்.”

தொரை தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார்.

“அர்ச்சுனா! நீ தொற.”

4

இங்கேதான் அர்ச்சுனன் மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கைப்பிடியை இழுத்தான். கீல்களை முகர்வதுபோலக் குனிந்தான். ஒரு குச்சியைப் பொறுக்கி, அது நீளம் போதாது என்று வேறு குச்சி தேடப் போனான். வியர்த்து வழிந்தான். பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள்.

வாசகரே, டிரைவர் பக்கக் கதவின் முன்மூலையில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு, காற்றுக்காக. அதன் கொக்கி உடைந்து ஒரு மாதம் ஆகிறது. கத்தி முனையால் நெம்பினால் திறக்கும். கையை விட்டுக் கைப்பிடியைத் தூக்கிவிடலாம். போன மாதம் சாவியை மறந்தபோது அர்ச்சுனன் அப்படித்தான் திறந்தான். பக்கத்தில் நின்று சிரித்தவள் நீலாவதி.

இப்போது அவனைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் பால்வெட்டுக் கத்தி. அவன் ஒருவரிடமும் கேட்கவில்லை.

நீலாவதி இதைக் கவனித்தாள். அதுவரை அவளுக்குக் கோபம்தான்: இந்த மனுசனுக்குப் பயமே இல்லையா, தொரை சொன்னால் சாவுக்கும் கயிறு கட்டிக் கிளம்பிவிடுவாரா என்று. அவன் மூன்றாவது குச்சியோடு வந்தபோது இருவர் கண்களும் கண்ணாடியின் இரு பக்கமிருந்தும் சந்தித்தன. அவன் சட்டென்று டயரைப் பார்த்தான்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெளியில் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

(‘கோழை’ என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அந்த வளைவில் நான் வண்டி ஓட்டியதில்லை.)

5

முடிவுக்கு வருவோம். அதே நேரம் வளைவில் வெடிச்சத்தம் கேட்டது, அவள் அவன் உயிரைக் காப்பாற்றிவிட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பயத்துக்குச் சாட்சியாக இன்னொரு ஆள் சுடப்பட வேண்டுமா? வீரமுத்து போதாதா?

நடந்தது இவ்வளவுதான். வெயில் இறங்கியது. தொரை கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னிக்கி வேண்டாம். நான் போலீசுக்குப் பேசறேன். நாளைக்கி அவங்க வண்டி முன்னாலே போகும், நீ பின்னாலே போ.” மறுநாள் அப்படியே போனான். கம்பியை இறக்கிவிட்டு முழுதாகத் திரும்பி வந்தான்.

ஆனால் எனக்கு முக்கியம் மறுநாள் இல்லை, அன்று மாலைதான். கூட்டம் கலைந்தது. நீலாவதி கைப்பிடியைத் தூக்கினாள். கதவு திறந்தது. அவள் நகர்ந்து இடம் விட, அவன் ஏறி உட்கார்ந்தான்.

“சுத்தி அத்தனை கத்தி இருந்துச்சே,” என்றாள். “ஒண்ணு கேக்கத் தோணலையா?”

“மறந்து போச்சு.”

“நெசமாவா?”

இதற்கு அர்ச்சுனனுக்காக நான் மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் வீரம் பேசினான், நீலாவதி நம்பவில்லை. ஒன்றில் அழுதான், எனக்குச் சங்கடமாயிருந்தது. மூன்றாவதில் வண்டியைக் கிளப்பி நழுவப் பார்த்தான். அவள் சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அவள் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பயந்ததை ஒருவரிடமாவது ஒப்புக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், வண்டிக்குள் ஏறி அவன் பக்கத்தில் உட்காருங்கள்; அவன் பதிலை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.